கொல்லிமலையை விளம்பரப்படுத்தலாமா?

நீங்கள் கேட்டிருப்பதன் சுருக்கம் இது: கொல்லிமலையில் உங்கள் நாட்டைச் (மலையில் ஊர்களின் தொகுதிக்கு ‘நாடு’ என்று பெயர்) சேர்ந்த இளைஞர்கள் சிலர் ஒன்றுகூடி, காணொளிகள் எடுத்தும் பதாகைகள் வைத்தும் மலையைப் பெரிய சுற்றுலாத் தலமாக்க விரும்புகிறார்கள், ஊர்ப் பெரியவர்கள் இருக்கிற அமைதியே போதும் என்று தடுக்கிறார்கள், இரு தரப்பிலும் நியாயம் இருப்பதாகத் தோன்றுவதால் யார் பக்கம் நிற்பது என்று உங்களுக்குத் தெரியவில்லை. மலைப்பகுதி உழவர் குழுக்களோடு நீண்ட காலம் பணியாற்றியவன் என்ற முறையில் என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இப்போதைக்கு விளம்பரம் வேண்டாம். நிலம், தண்ணீர், குப்பை ஆகிய மூன்றையும் ஊர் தன் கைக்குள் கொண்டுவந்த பிறகு, ஊர் விரும்பினால், இரவு தங்கிச் செல்லக்கூடிய சிலரை மட்டும் அழைக்கலாம். இந்த வரிசை மாறக் கூடாது என்பதே நான் வலியுறுத்த விரும்புவது. ஒரு சாலையைத் தடுத்து நிறுத்தலாம், ஒரு கட்டடத்தை இடிக்கவும் செய்யலாம். ஆயிரக்கணக்கானோர் கைப்பேசியில் பரவிவிட்ட ஓர் இடத்தின் பெயரைத் திரும்பப் பெற வழியே கிடையாது.

இளைஞர்களின் பக்கத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அமைதியை விரும்பும் நம்மில் பலர் அவர்களுடைய வாதத்தைச் சரியாகக் காது கொடுத்துக் கேட்பதில்லை. சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த மேட்டு நிலங்களில் பெரும்பகுதி, சேலம், நாமக்கல் பகுதிகளின் ஜவ்வரிசி ஆலைகளுக்காக மரவள்ளிக்கு மாறிவிட்டது. கிழங்கின் விலையை மலையில் இருப்பவர்கள் தீர்மானிப்பதில்லை. ஆலையும் இடைத்தரகரும் தீர்மானிக்கிறார்கள். மிளகும் காப்பியும் உள்ளவர்களுக்கு ஓரளவு தாங்கும். அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருப்பவர்கள் கேரளத் தோட்டங்களுக்கும் திருப்பூர்ப் பக்கமும் இறங்கிப் போகிறார்கள். கொல்லிமலை உட்படக் கிழக்கு மலைத்தொடரில் வாழும் மலையாளிப் பழங்குடியினரை (இவர்கள் கேரளத்தவர் அல்லர்) வறுமை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதை 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் பார்த்தோம். செம்மரம் வெட்டியதாகச் சொல்லி ஆந்திரக் காவல்துறை சுட்டுக் கொன்ற 20 பேரில் பலர் ஜவ்வாது மலை, சித்தேரி மலைப் பகுதிகளைச் சேர்ந்த மலையாளிகள். அந்த மலைகளும் அமைதியான மலைகள்தான். எனவே ஒரு மலை அமைதியாக இருப்பதாலேயே அங்குள்ளவர்கள் நலமாக இருக்கிறார்கள் என்று எண்ணிக்கொள்ள முடியாது. பிள்ளைகள் ஊரிலேயே பிழைக்க ஒரு வழி வேண்டும் என்று இளைஞர்கள் கேட்பது முழுக்க நியாயமானது.

ஆனால் அவர்கள் கேட்கும் கருவி அந்த நோக்கத்துக்கு உதவுமா என்பதே கேள்வி. இதற்கு விடை காண, ஏற்கெனவே வருபவர்களைப் பாருங்கள். கொல்லிமலை யாருக்கும் தெரியாத இடம் அன்று. காரவள்ளியிலிருந்து ஏறும் 70 கொண்டை ஊசி வளைவுகளுக்காகவே பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் இருசக்கர வாகனங்களில் கூட்டமாக வருகிறார்கள். அறப்பளீசுவரர் கோயிலுக்கும், ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கிப் பார்க்க வேண்டிய ஆகாய கங்கை அருவிக்கும் ஆண்டு முழுவதும் ஆட்கள் வருகிறார்கள். ஆடி 17, 18 தேதிகளில் வல்வில் ஓரி விழாவுக்கு அரசே ஏற்பாடு செய்கிறது. ஆடிப்பெருக்கு அன்று மலை நிரம்பி வழிகிறது. இவர்களில் பெரும்பாலோர் காலையில் ஏறி மாலைக்குள் இறங்கிவிடுபவர்கள். எரிபொருளைக் கீழேயே நிரப்பிக்கொள்கிறார்கள்; சோற்றைப் பொட்டலமாகக் கட்டிக்கொண்டு வருபவர்களும் உண்டு; அன்னாசித் துண்டும் மிளகுப் பொட்டலமும் வாங்குவதோடு பலருடைய செலவு முடிந்துவிடுகிறது. அவர்கள் பயன்படுத்தும் சாலை, குடிக்கும் தண்ணீர், விட்டுச்செல்லும் நெகிழிப் பைகள், உடைத்துப் போடும் மதுப்புட்டிகள் ஆகிய அனைத்தின் சுமையும் ஊராட்சி மீது விழுகிறது. விளம்பரம் செய்தால் பெருகப்போவது இந்த வகையினர்தான், ஏனென்றால் அரை நிமிடக் காணொளி அருவியையும் வளைவையும் காட்ட வல்லது. மலையில் மூன்று நாள் தங்க வேண்டும் என்ற எண்ணத்தை அதனால் உண்டாக்க முடியாது. இவர்கள் இரண்டு மடங்கானால் ஊரின் வருமானமும் இரண்டு மடங்காகும் என்ற கணக்கு பிழையானது. சுமை மட்டும் இரண்டு மடங்காகும்.

எனக்கு மிகுந்த கவலை தருவது நிலம். இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு மலைக்குப் பெயர் பரவியவுடன் முதலில் வருபவர் சுற்றுலாப் பயணி அல்லர், நிலத் தரகர்தான். சாலையோரத்தில், பள்ளத்தாக்கு தெரியும் மேட்டில், ஓடைக்குப் பக்கத்தில் உள்ள துண்டுகளை அவர் முதலில் கேட்பார். மரவள்ளியில் ஓர் ஆண்டு முழுவதும் உழைத்துப் பெறுவதைப் போலப் பல மடங்கு தொகையை ஒரே நாளில் நீட்டும்போது, மகளின் திருமணமோ மருத்துவச் செலவோ முன்னால் நிற்கும் ஒரு குடும்பம் எப்படி மறுக்கும்? திருப்பத்தூர் மாவட்டத்து ஏலகிரிக்கு ஒருமுறை போய் வாருங்கள். அதுவும் மலையாளிகள் வாழும் மலை. பதினான்கு வளைவுகள், பதினான்கு சிற்றூர்கள் என்று சிறியது, அழகியது. அங்கே விடுதிகளின் மதிற்சுவர்களுக்கு நடுவே நடந்து செல்லும்போது, இது யாருடைய கொல்லையாக இருந்திருக்கும் என்று கேட்டுப் பாருங்கள். நிலத்தை விற்றவர் அதே நிலத்தில் எழுந்த விடுதியில் காவலாளியாகவோ துப்புரவுப் பணியாளராகவோ இருப்பதைக் காண்பது எனக்குப் பொறுக்க முடியாத காட்சியாக இருக்கிறது. வேலை கிடைத்திருக்கிறது என்பது உண்மைதான். அந்த வேலைக்கு அவர் கொடுத்த விலை அவருடைய பேரப்பிள்ளைகளின் நிலம்.

இதில் சட்டம் நமக்கு முழுத் துணையாக இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள். பழங்குடிப் பகுதிகளுக்குத் தனிப் பாதுகாப்பு தரும் அரசமைப்புச் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணையின் கீழ் அறிவிக்கப்பட்ட பகுதி தமிழ்நாட்டில் ஒன்றுகூட இல்லை. அதனால் சத்தீஸ்கரிலோ ஜார்க்கண்டிலோ பழங்குடிப் பகுதிகளின் கிராம சபைகளுக்கு 1996ஆம் ஆண்டுச் சட்டம் வழங்கும் தனி அதிகாரங்கள் நம் மலைகளுக்குக் கிடைப்பதில்லை. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் நமக்கும் பொருந்தும். காட்டையும் நீர்ப்பிடிப்புப் பகுதியையும் பாதுகாக்கும் அதிகாரத்தை அது கிராம சபைக்குத் தருகிறது. ஆனால் அந்தச் சட்டத்தின் கீழ்த் தனிப்பட்டா கேட்பதில் காட்டும் ஆர்வத்தை, ஊர் முழுவதற்கும் பொதுவான சமூக உரிமை கேட்பதில் நம் ஊர்கள் காட்டியதில்லை. அருவிக்குப் போகும் பாதையிலும் கோயிற்காட்டிலும் யார் நுழையலாம், யார் கட்டணம் பெறலாம் என்பதில் ஊருக்குச் சொல் இருக்க வேண்டுமானால், விளம்பரப் பதாகைக்கு முன்னால் அந்த விண்ணப்பம் எழுதப்பட வேண்டும்.

அடுத்து தண்ணீர். வெளியூர்க்காரர்களுக்கு விடுமுறை கிடைப்பது ஏப்ரல், மே மாதங்களில். மலையில் ஊற்றுகள் மெலிந்து, பள்ளத்து வயல்களுக்கே கசிவு நீர் போதாமல் இருப்பதும் அதே மாதங்களில்தான். ஒரு விடுதி அறையில் குளிப்பதற்கும் துணி துவைப்பதற்கும் செலவாகும் தண்ணீர், ஒரு குடும்பம் குடத்தில் சுமந்து வந்து புழங்கும் தண்ணீரைவிடப் பல மடங்கு. விடுதிகள் ஆழ்துளைக் கிணறு போட்டால் பக்கத்து ஊற்று வற்றும். அது வற்றிய பிறகு அந்தப் பள்ளத்தில் நெல் கிடையாது. இன்னொன்றையும் மறக்கக் கூடாது. கொல்லிமலையில் பிறக்கும் ஐயாறு ஆகாய கங்கையாக விழுந்து, அடிவாரத்தில் திருச்சி மாவட்டத்துப் புளியஞ்சோலை வழியாகப் போகிறது. மேலே நாம் விடும் கழிவு நம்மோடு முடிந்துவிடுவதில்லை. கீழே குளிப்பவர்களும் பாசனம் செய்பவர்களும் அதைத்தான் பெற்றுக்கொள்கிறார்கள்.

குப்பையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிப் பொருள்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் மாநிலம் முழுவதும் தடை இருக்கிறது. தடையால் மட்டும் ஓடைக்கரை சுத்தமாகவில்லை என்பதை நீங்களே பார்க்கிறீர்கள். நீலகிரியில் 2022இல், உயர் நீதிமன்றம் வலியுறுத்தியதன் பேரில், மதுப்புட்டிக்குக் கூடுதலாகப் பத்து ரூபாய் வாங்கிக்கொண்டு, காலிப் புட்டியைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பத்து ரூபாயைத் திருப்பித் தரும் முறை வந்தது. புட்டி காட்டுக்குள் உடைந்து கிடந்து யானையின் காலைக் கிழிப்பதை அறிவுரைகளைவிட அந்தப் பத்து ரூபாய் அதிகமாகக் குறைத்தது. மலைக்கு மேலே ஏறும் ஒவ்வொரு பொருளும் 70 வளைவுகள் வழியாகத் திரும்ப இறங்குவதற்கு யார் வண்டி கொடுப்பார், யார் கூலி கொடுப்பார் என்று எழுதி வைத்த பிறகு ஆட்களை அழைப்பதே முறை.

இவற்றையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் ஆட்கள் வரட்டும் என்று சிலர் சொல்வார்கள். உதகமண்டலமும் கொடைக்கானலும் அப்படித்தான் வளர்ந்தன. அங்கே கட்டுப்பாடு எப்போது, யாரால் வந்தது என்று பாருங்கள். 2024 மே 7 முதல் இரு இடங்களுக்கும் செல்ல இ-பாஸ் கட்டாயம் என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதுவும் போதாமல் 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்றும், கொடைக்கானலுக்கு 4,000, 6,000 என்றும் உச்சவரம்பு விதித்தது. உச்சவரம்பே இத்தனை ஆயிரம் என்றால் அதற்கு முன் என்ன நிலை இருந்திருக்கும்! வரம்பு வந்த உடனே வணிகர்களும் வாகன ஓட்டிகளும் கடையடைத்துப் போராடினார்கள். அவர்களையும் நான் குறை சொல்ல மாட்டேன், ஏனென்றால் கூட்டத்தை நம்பியே கடன் வாங்கி, கடை வைத்து, வாழ்க்கையை அமைத்துக்கொண்டவர்கள் அவர்கள். கூட்டம் வளர்ந்த பின் வரம்பு வைத்தால் உள்ளூர்க்காரரின் வயிற்றில்தான் அடி விழுகிறது. கூட்டம் வருவதற்கு முன்னால் வைத்த வரம்பில் யாருக்கும் இழப்பு கிடையாது. கொல்லிமலைக்கு இன்னும் அந்தக் காலம் கடந்துவிடவில்லை.

எல்லாச் சுற்றுலாவும் கேடு என்று நான் நினைக்கவில்லை. நம் எல்லைக்கு அப்பால் தேக்கடியில் நடந்ததைப் பாருங்கள். பெரியாறு புலிகள் காப்பகத்தில் திருட்டுத்தனமாக வயணப் பட்டை (காட்டு இலவங்கப் பட்டை) உரித்தும் வேட்டையாடியும் பிழைத்துக்கொண்டிருந்தவர்களை 1990களின் பிற்பகுதியில் வனத்துறை ஒரு குழுவாக்கி, வழக்குகளிலிருந்து மீட்டு, காட்டு வழிகாட்டிகளாக மாற்றியது. காட்டை அவர்களைவிட நன்றாக அறிந்தவர் யாரும் இல்லை என்பதால், ஒரு முறைக்குச் சிலரை மட்டும் அழைத்துச் செல்லும் அந்த நடைப்பயணத்துக்கு மதிப்பு கூடியது. அவர்களே காட்டுக்குக் காவலும் ஆனார்கள். கேரளத்தில் குமரகத்திலும் ஒரு பாடம் இருக்கிறது. விடுதிகள் பெருகி, உள்ளூர்க்காரர்களுக்கும் விடுதிகளுக்கும் மனக்கசப்பு வளர்ந்திருந்த நிலையில், 2008இல் பொறுப்புச் சுற்றுலா என்ற திட்டம் அங்கே தொடங்கியது. விடுதிகள் தமக்குத் தேவையான காய்கறி, பழம், முட்டை, மீன் முதலியவற்றை உள்ளூர் உழவர்களிடமும் குடும்பஸ்ரீ பெண்கள் குழுக்களிடமும் வாங்க வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. எளிய ஏற்பாடுதான். ஆனால் விலையைப் பேசி முடிப்பதற்கும் தரத்தைச் சீராக்குவதற்கும் தினமும் தவறாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கும் ஊராட்சி மூலமாக ஓர் அமைப்பு உழைத்ததால்தான் அது நிலைத்தது. இந்த இரண்டு இடங்களிலும் எத்தனை பேர் வந்தார்கள் என்பதைவிட, வந்தவர் கொடுத்த பணம் யார் கைக்குப் போனது என்பதில்தான் கவனம் செலுத்தப்பட்டது.

கொல்லிமலைக்கு அப்படி ஓர் அடிப்படை ஏற்கெனவே இருக்கிறது என்பது எனக்கு மிகுந்த நம்பிக்கை தருகிறது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து இங்கே சிறுதானியங்களைக் காக்கும் பணியில் ஈடுபட்டிருக்கிறது. கட்டவெட்டிச்சாமை, சடஞ்சாமை, மல்லியச்சாமை, திரிகுலசாமை என்று சாமையிலேயே இத்தனை வகைகளை விதையாகக் காப்பாற்றி வைத்திருப்பவர்கள் உங்கள் பெண்கள். உரலில் குத்தி உமி நீக்கும் பாடு தாங்காமல்தான் பல வீடுகள் சாமையைக் கைவிட்டன. ஊருக்குள்ளேயே உமி நீக்கும் இயந்திரம் வந்து, மகளிர் குழுக்கள் அரிசியாகவும் மாவாகவும் கட்டி விற்கத் தொடங்கிய பிறகு சில கொல்லைகளில் சாமை திரும்பவும் விளைந்தது. மலையின் பெயரைப் பரப்பத்தான் வேண்டும் என்றால் அருவியைக் காட்டிப் பரப்பாதீர்கள். மிளகையும் காப்பியையும் பலாவையும் சாமையையும் முன்னால் நிறுத்துங்கள். பொருள் கீழே இறங்கிப் போகலாம், அதற்காக யாரும் மேலே ஏறி வர வேண்டியதில்லை. ஒரு கிலோ கொல்லிமலை மிளகு சென்னைக்குப் போனால் பணம் மட்டும் திரும்பி வருகிறது; ஒரு பேருந்து ஆட்கள் இங்கே வந்தால் பணத்தோடு வேறு பலவும் வருகின்றன.

அதற்கு மேலும் விருந்தினர் வேண்டும் என்று ஊர் கருதினால், இருக்கிற வீடுகளிலேயே ஓர் அறையைச் செப்பனிட்டு, சுற்றுலாத் துறையில் முறையாகப் பதிவு செய்து, தங்கவைப்பதில் தொடங்கலாம். புதிய கட்டடம் வேண்டாம். ஒரு நாட்டுக்கு இத்தனை படுக்கைகள்தான் என்று எண்ணிக்கையை ஊரே முடிவு செய்து, முறை வைத்து வீடுகளுக்கு ஆட்களை அனுப்ப வேண்டும்; இல்லையென்றால் சாலையோரத்து நான்கு வீடுகள் மட்டும் சம்பாதிக்கும், ஓராண்டுக்குள் ஊர் இரண்டாகப் பிளக்கும். சமைப்பவர் வீட்டுப் பெண்ணாகத்தான் இருப்பார் என்பதால், அந்தக் கூலி அவர் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்குப் போக வேண்டும் என்பதையும் முதல் நாளே எழுதிவிடுங்கள். காலையில் வயலுக்கும் போய், மாலையில் விருந்தினருக்கும் சமைத்து, இரண்டு உழைப்புக்கும் கணக்கில்லாமல் அவர் களைத்துப்போவதை நான் பல ஊர்களில் பார்த்திருக்கிறேன். வெளியாருக்கு நிலம் தேவை என்றால் குத்தகைக்கு மட்டுமே, அதுவும் கிராம சபைக்குத் தெரிவித்த பிறகே, என்று ஊர்க் கட்டுப்பாடாக ஏற்றுக்கொள்ளலாம். அதற்குச் சட்ட வலு குறைவாக இருக்கலாம். ஆனால் மலையாளி ஊர்களில் ஊர்க்கூட்டத்தின் சொல்லுக்கும் நாட்டுத் தலைவரான நாட்டாரின் சொல்லுக்கும் இன்னும் மதிப்பு இருக்கிறது, அந்த மதிப்பைப் பயன்படுத்த வேண்டிய இடம் இதுதான்.

காட்டவே கூடாத இடங்கள் சில உண்டு என்பதையும் இளைஞர்களிடம் சொல்லுங்கள். செருப்போடு நுழையாத, ஒரு சுள்ளியைக்கூட ஒடித்து எடுக்காத கோயிற்காடுகள் உங்கள் மலையில் எத்தனையோ இருக்கின்றன. ஊற்றுக்கண்களும் முன்னோர் கற்களும் இருக்கின்றன. அவற்றைப் படம் எடுத்து, இருப்பிடக் குறியீட்டோடு பதிவேற்றுவது, வீட்டுக்குள் வருகிறவரைச் சாமி அறை வரைக்கும் செருப்போடு கூட்டிச்செல்வதற்குச் சமம். அதைச் செய்யப்போகிறவர் வெளியூர்க்காரர் என்று நினைத்திருந்தேன். பல இடங்களில் உள்ளூர்ப் பிள்ளைகளே, பெருமையாக எண்ணி, அறியாமல் செய்துவிடுகிறார்கள்.

தமிழ்நாட்டில் இப்போது ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. கொல்லிமலை ஒன்றியத்தில் 14 ஊராட்சிகள் இருக்கின்றன. ஒன்று மறுத்து மற்றொன்று அனுமதித்தால் விடுதி பக்கத்து நாட்டில் எழும், தண்ணீரோ இரண்டுக்கும் ஒன்றுதான். ஆகவே உங்கள் ஊராட்சித் தீர்மானத்தை அண்டை நாடுகளுக்கும் எடுத்துச் செல்ல வேண்டும். அதற்கு முன்பாக இளைஞர்களிடம் ஒரு வேலையை ஒப்படைக்கலாம் என்று நினைக்கிறேன். அவர்கள் படம் எடுப்பதற்கு வைத்திருக்கும் அதே கைப்பேசியோடு, ஒரு சனிக்கிழமை, ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு வார நாள், ஆடிப்பெருக்கு என்று நான்கு நாட்கள் மலையின் மைய ஊரான செம்மேட்டில் உட்கார்ந்து, எத்தனை வாகனங்கள் ஏறின, எத்தனை இரவு தங்கின, ஊர்க் கடைகளில் எவ்வளவு விற்றது, மறுநாள் அருவிப் பாதையில் எத்தனை மூட்டை குப்பை சேர்ந்தது என்று எண்ணி எழுதட்டும். பெரியவர்கள் அந்த நாட்களில் ஊற்றுகளில் நீர் எவ்வளவு இருந்தது என்று சொல்லட்டும். அந்த ஏட்டை அடுத்து வரும் கிராம சபையில் படியுங்கள். விளம்பரம் வேண்டுமா என்ற பேச்சை அதைப் படித்த பிறகு எடுங்கள்.